தெரியலைன்னு சொல்லாத பொட்டி

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க. எனக்கு இந்தப் பக்கம் போதுமுங்க, காலை நீட்டிக்கலாம். இந்தப் பை மடியிலயே இருக்கட்டும். உள்ள ஒப்புட்டு, போளிம்பீங்களே அது இருக்குது, கீழ வெச்சா யாராச்சும் மிதிச்சுப் போடுவாங்க. நீங்க கடைசி வரைக்கும் போறீங்களா? ஏற்காடேவா? அங்க பள்ளிக்கூடத்துல வாத்தியாருங்களா? அப்ப நல்லதாப் போச்சுங்க. நானும் அங்கதான் போறேன். பேச்சுத் துணையாச்சு.

உங்க சன்னல்ல இருந்து மலை தெரியுதுங்களா? தெரியாது. இந்தச் சேலம் பஸ் ஸ்டாண்டுல எங்கீங்க தெரியுது, கூரையும் கடை போர்டுந்தான் தெரியுது. மேல மூட்டமா இருக்குமோ என்னமோ. சும்மா கேட்டனுங்க.

மொட்டையத்தான பாக்கறீங்க? ஒரு வேண்டுதலுங்க. அதை அப்பறம் சொல்றேன்.

எனக்குக் கார் இருக்குது, டிரைவரும் இருக்கறான். ஆனா அவனுக்கு வாய் சும்மா இருக்காது. பொழுது சாயறதுக்குள்ள திருச்செங்கோடு பூராவும் சொல்லிப்போடுவான், 'மொதலாளி மக கால்ல உழுவறதுக்கு மலை ஏறிப் போயிருக்கறாரு'ன்னு. நான் ஒண்ணும் கால்ல உழுவப் போகலைங்க. நாயம் கேக்கப் போறேன். பெத்த பொண்ணு அப்பன் மேல எழுதிக் குடுக்கலாமுங்களா? நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க. எழுதிக் குடுத்துட்டாளுங்க. நாளைக்கு மெட்ராசுல விசாரணை. அங்க போயி ஆபீசருங்க முன்னாடி வாயாலயும் சொல்லப் போறா. சொன்னான்னா என்ற கம்பெனி போச்சு, விமானம் போச்சு, மானமும் போச்சு. அதுக்கு முன்னாடி நேர்ல பாத்து ஒரு வார்த்தை பேசி, 'சாமி, அப்படிச் சொல்லாத'ன்னு கேட்டுக்கலாமுன்னு போறேன்.

ஆமாங்க, விமானந்தான். உங்க காது நல்லாத்தான் கேக்குது. எல்லாருக்கும் சிரிப்பு வரும், சிரிச்சுக்குங்க. எனக்குத் தொழிலு ரிக் வண்டி. போர்வெல் போடறது. ராஜஸ்தான்ல இருந்து ஆப்பிரிக்கா வரைக்கும் எங்க ஊர் வண்டி போகாத எடமில்லை. நான் விமானம் வாங்குனப்ப எங்க பங்காளிக என்ன சொன்னாங்க தெரியுங்களா? 'பூமிக்குள்ள ஓட்டை போட்டுக்கிட்டு இருந்தவன் இப்ப ஆகாசத்துல ஓட்டை போடப் போறான்'னாங்க. சொல்லிட்டுப் போறாங்க. வயித்தெரிச்சல்.

என்ற பொண்ணுக்காகத்தான் வாங்குனேன். கோகிலவாணின்னு பேரு, ஒரே பொண்ணு. ப்ளஸ் டூ முடிச்சுட்டு வந்து, 'அப்பா, நான் பைலட்டாகோணும்'னா. ஊட்டுல ஒறம்பரையெல்லாம் கூடி உக்காந்துட்டு, 'பொட்டப்புள்ளைய ஆகாசத்துல உட்டா நாளைக்கு எவன் கட்டுவான்'னாங்க. நான் ஒரே வார்த்தைல சொன்னேன், 'என்ற பொண்ணு பறப்பா, நீங்க காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்புங்க'ன்னு. ரெண்டு ரிக்க வித்து வெளிநாட்டுல படிக்க வெச்சேன். அவ மொத மொதல்ல எங்க ஊருக்கு மேல ஓட்டிட்டு வந்த அன்னைக்கு நான் ரோட்டுல சரவெடி போட்டனுங்க. போலீஸ்காரரு வந்து என்ன விசேசம்னாரு. மேல பாருங்க, என்ற பொண்ணுன்னேன். எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கலைங்க அன்னைக்கு.

படிச்சுட்டு வந்தா, பெரிய கம்பெனியில வேலை கெடைக்கல. 'வேலை கெடைக்கலைன்னா என்ன கண்ணு, வண்டிய நாமளே வாங்கிரலாம்'னேன். வடக்க ஒருத்தரு வெச்சிருந்த பழைய விமானம். ஆறு சீட்டு, ரெண்டு எஞ்சினு. ஒரு தனியாரு ஓடுபாதையில நிறுத்திக்கிட்டோம். எந்த ஊருன்னு கேக்காதீங்க, கேசு நடக்குது.

அப்பாடா, வண்டி கெளம்பிருச்சு. காத்து வருதுங்களா உங்களுக்கு?

உங்களுக்கு லாரி எஃப்.சி. தெரியுங்களா? வண்டி ரோட்டுல ஓடத் தகுதியா இருக்குதுன்னு ஆபீசுல பாத்துச் சர்டிபிகேட் குடுப்பாங்க. அந்த அன்னைக்கு எங்க பக்கம் என்ன பண்ணுவோமுன்னா, தேஞ்சுபோன டயரக் கழட்டிப்போட்டு, பக்கத்துப் பட்டறையில நிக்கற வண்டியோட நல்ல டயர இரவல் வாங்கி மாட்டிக்குவோம். வண்டி பாஸாயிரும். சாயங்காலம் டயரக் கழட்டிக் குடுத்துருவோம். இன்னைக்கு அவன் டயரு எனக்கு, நாளைக்கு என்ற டயரு அவனுக்கு. இதை ஒரு தப்புன்னே யாரும் நெனைக்கறதில்லைங்க. அந்த வண்டிகெல்லாம் ஓடலீங்களா? ஓடிக்கிட்டுத்தான இருக்குது?

இதை எதுக்குச் சொல்றேன்னா, பொட்டி விசயம் வருது பாருங்க, அதுக்குத்தான்.

விமானத்துல ஜி.பி.எஸ். பொட்டி ஒண்ணு இருக்குமுங்க. நம்ம போன்ல மேப்பு வர்றாப்பல, எங்க இருக்கறோம், எந்தப் பக்கம் போகோணும்னு கோடு போட்டுக் காட்டும். எங்க விமானத்துலயும் வாங்கறப்பவே ஒண்ணு இருந்துச்சு. நல்ல பொட்டி. கண்ணாடியாட்டத் தெளிவாத் தெரியும். அந்தக் கருவியெல்லாம் பாத்துக்கறதுக்கு ஒரு எஞ்சினியர் வேணுமுன்னு ஜெசிந்தான்னு ஒரு புள்ளைய வேலைக்கு வெச்சிருந்தேன். ஏற்காட்டுப் புள்ளைதான். அது வந்த மொத வாரமே அந்தப் பொட்டி மேல ஒரு பட்டைய ஒட்டிருச்சு. இத்தனூண்டு பட்டை, இங்கிலீசுல எழுதியிருக்கும். என்னம்மா இதுன்னேன். 'சார், கண்ணுக்கு வழி தெரியற வெயிலடிக்கற நாள்ல மட்டுந்தான் இந்தப் பொட்டிய வெச்சு ஓட்டலாம். மேகத்துக்குள்ள போறதுக்கு இதுக்கு அனுமதி இல்லை'ன்னுச்சு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சுங்க. வெயிலடிச்சா மலை தெரியுது, ரோடு தெரியுது, ஆறு தெரியுது. அப்பப் பொட்டி எதுக்குங்க? கண்ணு தெரியாத எடத்துலதான வழி கேப்போம்? கண்ணு நல்லாத் தெரியறவனுக்கு எதுக்குங்க கைத்தடி? நான் கேட்டது நாயமா இல்லையா?

அதுக்கு அந்தப் புள்ளை பொறுமையாச் சொல்லுச்சு. பொறுமையாத்தான் பேசும், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலு. 'சார், ரெண்டு பொட்டியும் வழி காட்டும். அதுல வித்தியாசமில்லை. மேல இருந்து வர்ற சிக்னலு சரியில்லைன்னா, அனுமதி வாங்குன பொட்டி, எனக்கு வழி தெரியல, என்னைய நம்பாதன்னு சொல்லிரும். விளக்குப் போட்டுக் காட்டும். இந்தப் பொட்டி அப்படிச் சொல்லாது. தெரியாட்டியும் தெரிஞ்சாப்பலக் கோடு போட்டுக்கிட்டே போகும்'னுச்சு.

தெரியலைன்னு சொல்றதுக்கு எதுக்குங்க இத்தனை லட்சம்? அதை நானே ஓசியில சொல்லுவனே!

சரி, அனுமதி வாங்குன பொட்டியே ஒண்ணு வாங்கிரலாமுன்னு பாத்தா, அதுலயும் வெவகாரம். பொட்டிக்கு அனுமதி இருந்தாப் பத்தாதாமுங்க. அந்தப் பொட்டிய இந்த விமானத்துல வெச்சு, மேல ஆன்டெனாவ இன்ன எடத்துலதான் வைக்கோணும், பைலட் கண்ணுக்கு நேரா எச்சரிக்கை விளக்கு வைக்கோணும், ஓட்டிப் பாக்கோணும், ஆபீசரு வந்து பாக்கோணும். அப்பறந்தான் ரெண்டுக்கும் சேத்து ஒரு அனுமதி. நான் சிரிச்சுட்டேன். 'ஏம்மா ஜெசிந்தா, உங்க மதத்துலதான் சாதகம் பாக்க மாட்டீங்களே, நீ என்ன பொட்டிக்கும் விமானத்துக்கும் பத்துப் பொருத்தம் பாக்கற'ன்னேன். அந்தப் புள்ளையுஞ் சிரிச்சுருச்சு.

பொருத்தமுன்ன ஒடனே நாவகம் வருது. வாணிக்கு ஒரு எடம் வந்துச்சுங்க, பையன் டாக்டரு. தங்கமான குடும்பம். சாதகம் பாத்தா ஒம்பது பொருத்தம் பொருந்துது, ரஜ்ஜு மட்டும் தட்டுது. பையன் ஊட்டுக்காரங்க பரிகாரம் பண்ணிக்கலாமுன்னாங்க. நான் முடியவே முடியாதுன்னுட்டேன். ரஜ்ஜு உசுரு சம்பந்தப்பட்டதுங்க. ஒண்ணு கொறைஞ்சாலும் என்ற பொண்ணு விசயத்துல நான் ஏமாற மாட்டேன். அந்த விசயத்துல நான் ரொம்பக் கறாரு.

டிக்கெட்டுங்களா? ஏற்காடு ஒண்ணு குடுங்க. ஆமா, மேல வரைக்கும்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆ, பொட்டி. மேகத்துக்குள்ள போக அனுமதி இல்லாத விமானத்த எவனுங்க வாடகைக்குக் கேப்பான்? மானம் கொஞ்சம் கருத்தாப் போதும், வாணி 'இன்னைக்கு வேண்டாம்ப்பா'ம்பா. வர்ற பார்ட்டியெல்லாம் திரும்பிப் போகுது. விலை கேட்டா அனுமதிப் பொட்டி ஒரு ரிக் எஞ்சினு விலை சொல்றான். அப்பத்தான் எனக்கு எஃப்.சி. நெனப்பு வந்துச்சு.

வடக்க ஒரு சிநேகிதரு இருக்கறாரு, அவரு விமானம் ரிப்பேருக்கு நிக்குது. அவர்கிட்ட அனுமதிப் பொட்டி இருந்துச்சு. கேட்டேன், எடுத்துக்கய்யான்னு குடுத்துட்டாரு. என்ன ஒரு அதிசயம் பாருங்க, அதுவும் எங்க பொட்டியும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே மூஞ்சி. ரெட்டைப் பொறப்பாட்டம் இருக்குது. பின்னால நம்பரு மட்டுந்தான் வேற. புதுசு வாங்கிட்டேன்னு ஜெசிந்தாகிட்ட குடுத்தனுங்க. அந்தப் புள்ளை மூஞ்சியப் பாக்கோணுமே! கையில வாங்கி, கொழந்தையத் தூக்கறாப்பலத் தூக்கிட்டுப் போச்சு. ஆன்டெனா மாத்துச்சு, பைலட் சீட்டுக்கு எதுருல எச்சரிக்கை விளக்கு வெச்சுச்சு, எல்லாம் நறுவிசாப் பண்ணுச்சு. ஆபீசரு வந்தாரு, ஓட்டிப் பாத்தாங்க, பாஸ். வாணி என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. 'இனி மழையானாலும் நம்ம விமானம் போகும்ப்பா'ன்னா.

அப்பறம் சிநேகிதரு பொட்டியத் திருப்பிக் கேட்டாரு. கேப்பாரில்லீங்களா, அவரு பொருளு. அந்தச் சமயத்துல ஜெசிந்தா தம்பி கல்யாணத்துக்குன்னு லீவுல போயிருந்துச்சு. அனுமதிதான் வந்துருச்சே, இனி எதுக்கு எஞ்சினியர் சம்பளமுன்னு, வேற எடம் பாத்துக்கம்மான்னு போன்லயே சொல்லிட்டேன். நம்ம ரிக் வண்டிக்குக் கரண்டு வேலை பாக்கற ஆளக் கூட்டிட்டுப் போயி, அந்தப் பொட்டியக் கழட்டி, நம்ம பழைய பொட்டிய மாட்டியாச்சு. அதே குழி, அதே ஸ்க்ரூ. கச்சிதமா உக்காந்துருச்சு. அந்த எச்சரிக்கை விளக்கு வயரு மட்டும் எதுலயும் சேரல. சேராட்டிப் போகுது, எரியாத விளக்கு யாருக்கு என்ன பண்ணப் போகுது? எரியலைன்னா எல்லாம் நல்லா இருக்குதுன்னுதான அர்த்தம்?

பட்டை ஒண்ணுதான் தொந்தரவு. ஜெசிந்தா ஒட்டுன பட்டை, சொரண்டுனாத் தழும்பு உழுகுது. அன்னைக்கு ஆயுத பூசை. தேங்கா, பழம், பொரியெல்லாம் வாங்கி வெச்சிருந்தோம். விமானத்துக்குச் சக்கரத்துல எலுமிச்சம்பழம் வெச்சு, மூக்குக்கு மாலை போட்டு, எல்லாப் பக்கமும் சந்தனம் குங்குமம் வெச்சோம். அர்த்தநாரீஸ்வரர் படம் ஒண்ணு, பின்னால பசையோட இருக்குமில்லீங்க, அதை எடுத்து அந்தப் பட்டை மேலயே ஒட்டுனேன். அளவெடுத்தாப்பல உக்காந்துச்சு. அதுக்கொரு சந்தனப் பொட்டும் வெச்சேன். நானும் பக்திக்காரனுங்க, அதை யாரும் தப்பாச் சொல்ல முடியாது. எங்க லாரிகெல்லாம் அந்த மாதிரிப் படத்தோடதான் ஓடுது.

வாணி அன்னைக்கு அதைப் பாத்துட்டு, 'நல்ல எடமாப் பாத்து ஒட்டியிருக்கறீங்கப்பா, கண்ணுக்கு நேரா இருக்குது'ன்னா. அதுக்கப்பறம் ஒவ்வொருக்காவும் எஞ்சினு ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அந்தப் படத்தத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவா.

அஸ்தம்பட்டி வந்துருச்சுங்களா? என்ன கூட்டம். இங்கிருந்து மலை தெரியுமே. தெரியலீங்களா? அந்தக் கட்டடத்துக்கு அக்கட்டால பாருங்க. வெள்ளையா இருக்குதுங்களா? அட, இருந்துட்டுப் போகுது. மலைன்னா மேகம் இல்லாமயா இருக்கும்.

எங்க ஊட்டம்மா காலையில இருந்து உக்காந்து ஒப்புட்டுச் சுட்டா. வாணிக்குத் தேங்கா ஒப்புட்டுன்னா உசுரு. பையில வெச்சுக் குடுத்தா. நீயும் வாடின்னேன், வரல. என்ன சொன்னா தெரியுங்களா? 'இந்தத் தடவையாச்சும் பாதியில எறங்காமப் போயிட்டு வாங்க'ன்னா. பொம்பளைகளுக்குக் குத்தலாப் பேசச் சொல்லியா குடுக்கோணும்.

அந்த நாளு எப்படீன்னா, ஐப்பசி அடைமழை உட்டு உட்டுப் பேஞ்சுட்டிருந்துச்சு. மேக்க, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பார்ட்டி. வருசம் பூராவும் விமானத்த ஒப்பந்தத்துக்கு எடுத்துக்கறேன், கொண்டாந்து காட்டுங்கன்னு சொன்னாரு. நானும் வாணியும் போறதாப் பேச்சு. வெடிஞ்சு வெளிச்சம் வந்துருச்சு. எங்க ஓடுபாதை மேல மானம் வெளுத்துருச்சு. மலை மேல மட்டும் மேகம் குந்தியிருந்துச்சு, மலையே தெரியல. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு அவளுக்குப் பக்கத்து சீட்டுல ஏறி உக்காந்து பெல்ட்டும் மாட்டிட்டேன்.

அவ படத்தத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. மலையப் பாத்துட்டு, 'மூடியிருக்குதுப்பா. பரவால்ல, நமக்குத்தான் இப்ப அனுமதி இருக்குதே. பொட்டியப் புடிச்சுக்கிட்டு உள்ளயே போயிரலாம்'னா.

அப்பத்தானுங்க எனக்கு வயித்த என்னமோ பண்ணுச்சு. மொத நாளு ராத்திரி சாப்புட்ட பரோட்டாவா இருக்கும். பெல்ட்டக் கழட்டிட்டு எறங்கிட்டேன். 'என்னப்பா, நீங்க வராம எப்படி, பேசப் போறது நீங்கதான?'ன்னா. 'நீயே பேசிரு கண்ணு. கம்பெனி உன்றதுதான? தைரியமாப் போயிட்டு வா. வழியெல்லாம் பொட்டி காட்டும்'னேன். அவளுக்குச் சந்தோசமுன்னாச் சந்தோசம். அப்பன் நம்மள நம்பிப் பெரிய காரியத்தக் குடுத்துட்டான்னு மூஞ்சி அப்படியே மலந்து போச்சு. அந்த மூஞ்சிதானுங்க இன்னைக்கும் கண்ணுக்குள்ளயே நிக்குது. கண்ண மூடுனா வந்துருது.

ஏன் போக வேண்டாமுன்னு சொல்லலையா? எதுக்குங்க சொல்லோணும்? வயிறு எனக்குத்தான சரியில்லை, அவளுக்கா?

மேல போனா. சத்தம் மேகத்துக்குள்ள போற வரைக்கும் கேட்டுச்சு. அப்பறம் கேக்கல. நான் அங்கியே நின்னேன். வாட்ச்மேன் நாற்காலி கொண்டாந்து போட்டான், உக்கார முடியல. மலையப் பாத்துக் கும்புட்டுட்டு, 'அப்பா அர்த்தநாரீஸ்வரா, என்ற புள்ளை முழுசா வந்துரட்டும், முடி எடுத்துக்கறேன்'னு வேண்டிக்கிட்டேன். இந்த மொட்டை அதுக்குத்தானுங்க.

என்னங்க? இல்லீங்க, அப்ப ஒண்ணும் நடக்கலையே. அவ கெளம்பி அப்பத்தான் கொஞ்ச நேரம் ஆயிருக்கும். ஒரு அப்பன் புள்ளைக்காகச் சும்மா வேண்டிக்கக் கூடாதுங்களா? நீங்க வாத்தியாரு, குறுக்குக் கேள்வி கேட்டுப் பழக்கம்.

உள்ள நடந்தது அவ எழுதிக் குடுத்ததுலதான் எனக்குத் தெரிஞ்சுது. சுத்தியும் வெள்ளையாம், ரெக்கையோட நுனி கூடத் தெரியலையாம். பொட்டி நேரா ஒரு கோட்டக் காட்டிக்கிட்டே இருந்துச்சாம். பள்ளத்தாக்கு நடுவுல போயிட்டிருக்கற, பத்திரமா இருக்கறன்னு. விளக்கும் எரியல. இவளும் நம்பி அது பின்னாடியே போயிருக்கறா. ஒரு எடத்துல மேகம் சித்த வெலகுச்சாம். சோத்தாங்கைப் பக்கம் பாத்தா மரம். கீழ இல்லீங்க, பக்கத்துல. கெளை தெரியுது, எலை தெரியுதாம்.

என்ற பொண்ணு கெட்டிக்காரி. பொட்டிய உட்டுட்டு ஒரே தூக்காத் தூக்கிட்டா மேல. மேகத்தத் தாண்டி வெயிலுக்கு வந்துட்டா. ரேடியோவுல கூப்புட்டு, அவங்க வழி சொல்லச் சொல்லப் போயி கோயமுத்தூர்ல எறக்கிட்டா. ஒரு கீறல் இல்லை, விமானத்துக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. அப்பறம் என்னங்க? ஒண்ணும் நடக்கலையே! அதைத்தான நான் எல்லார்த்துகிட்டயும் சொல்றேன். ஒண்ணும் நடக்கலை.

எறங்குன ஒடனே போன் பண்ணியிருக்கறா. எனக்கில்லீங்க. நான் போனக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறேன், அவ அந்த ஜெசிந்தாவக் கூப்புட்டிருக்கறா. 'உன்ற விளக்கு ஏன் எரியல'ன்னு கேட்டிருக்கறா. அது, பொட்டி மேல என்ன எழுதியிருக்குதுன்னு பாருன்னு சொல்லியிருக்குது. 'ஒண்ணும் எழுதல, சாமி படந்தான் இருக்குது'ன்னு இவ. 'படத்த எடு'ன்னு அது.

நான் கார எடுத்துக்கிட்டு ஓடுனேன். கோயமுத்தூர்ல வெளிய ஒரு பெஞ்சுல உக்காந்திருந்தா. என்னையப் பாத்ததும் எந்திரிச்சு வந்தா. கட்டிப் புடிப்பான்னு நெனச்சேன். கையில அந்தப் படத்தக் குடுத்தா. பின்னால ஜெசிந்தாவோட பட்டை அப்படியே ஒட்டிக்கிட்டு வந்திருந்துச்சு. இந்தாங்க, பாருங்க, சட்டைப் பையிலயேதான் வெச்சிருக்கறேன். இந்தப் பக்கம் சாமி, அந்தப் பக்கம் பட்டை. சாமி படத்த எப்படீங்க கீழ போடறது?

அவ திட்டலைங்க. திட்டியிருந்தாக் கூட ஆறியிருக்கும். ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'அப்பா, நீங்க ஏன் எறங்குனீங்க?'ன்னா.

'வயிறு சரியில்லை சாமி'ன்னேன்.

என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. அன்னையில இருந்து பேசல. கார்லயும் ஏறல. அவ இப்ப எங்க இருக்கறா தெரியுங்களா? அந்த ஜெசிந்தா ஊட்டுல. அப்பன் மச்சு ஊடு கட்டி வெச்சிருக்கறேன், அவ போயி ஓட்டு ஊட்டுல இருக்கறா.

கடைசியா அனுமதிக்குக் கையெழுத்துப் போட்டது ஜெசிந்தாதான? ஆபீசருங்க அந்தப் புள்ளையத்தான் மொதல்ல புடிச்சாங்க. தப்பான பொட்டிக்கு நீ எப்படிக் கையெழுத்துப் போட்ட, லைசென்ஸப் புடுங்கிருவோம்னாங்க. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா அது சின்னப் புள்ளை, வேற வேலை கெடைக்கும். கண்ணாலம் கட்டிக்கிட்டாப் போகுது. நான் பேசாமத்தான் இருந்தேன், வெவகாரம் அதோட முடிஞ்சிருக்கும். வாணிதான் போயி, 'பொட்டிய மாத்துனது எங்கப்பா'ன்னு எழுதிக் குடுத்தா. நாளைக்கு அதையே நேர்ல சொல்லோணும். அதைத்தான் கேக்கப் போறேன். 'எனக்குத் தெரியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லு சாமி, போதும்னு. தெரியலைன்னு சொல்றது அத்தனை கஷ்டமுங்களா?

கோரிமேடு தாண்டியாச்சா? அதுக்குள்ள அடிவாரம் வந்துருச்சே. ஏனுங்க, வண்டி ஏன் நிக்குது? செக்போஸ்டா.

அடடா. மேல ஒண்ணுமே தெரியலீங்களே. மொத வளைவுக்கு மேல ரோட்டையே காணமே. வர்ற வண்டியெல்லாம் லைட்டப் போட்டுக்கிட்டு வருது, பட்டப் பகல்ல. இந்த டிரைவரு இந்த ரோட்டுக்குப் பழசுங்களா? சின்னப் பையனாட்டத் தெரியுது. போன வேற முன்னால மாட்டி மேப்பு வெச்சிருக்கறான், பாருங்க. அது எதுக்குங்க அவனுக்கு?

இல்லீங்க, பயமெல்லாம் இல்லை. ரிக் வண்டி மேல உக்காந்துக்கிட்டே நான் ஏறாத மலையா? காலையிலயே கொஞ்சம் ஒரு மாதிரியா இருந்துச்சு. ஒப்புட்டு வாசம் வேற, சூட்டோட ஒண்ணு தின்னுட்டேன். நான் இங்கியே எறங்கிக்கறனுங்க. இல்லீங்க இல்லீங்க, நீங்க உக்காருங்க.

ஒரு ஒவகாரம். நீங்க மேலதான போறீங்க? ஏரிக்கு மேல, சர்ச்சுக்குப் பின்னால, ஜெசிந்தா ஊடுன்னாச் சொல்லுவாங்க. இந்தப் பைய வாணிகிட்ட குடுத்துருங்க. அம்மா சுட்டதுன்னு சொல்லுங்க. நாளைக்கு விசயத்த நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்க, வாத்தியாரு, உங்களுக்குப் பேசத் தெரியும். அப்பன் வந்தாரா, எங்கன்னு கேட்டான்னா, அடிவாரம் வரைக்கும் வந்தாரு, வயிறு சரியில்லைன்னு எறங்கிட்டாருன்னு... வேண்டாமுங்க. அதைச் சொல்லாதீங்க. வேற ஏதாச்சும் சொல்லுங்க.

கண்டக்டரே, சித்த நில்லுங்க, எறங்கிக்கறேன். டிக்கெட்டு மேல வரைக்கும் எடுத்தது இருக்கட்டும், பரவால்ல.

நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க சார். தைரியமாப் போயிட்டு வாங்க. வழியெல்லாம் டிரைவருக்குத் தெரியும்.